வெப்பநிலை அளவுகோல்கள்: எங்கே 273 கூட்ட வேண்டும், எங்கே கூடாது

வெப்ப இயற்பியல் பாடத்தின் முதல் பக்கத்திலேயே செல்சியஸ், பாரன்ஹீட், கெல்வின் மூன்றும் வந்துவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சூத்திரமும் அங்கேயே இருக்கும், மூன்றே வரி. அதை மனப்பாடம் செய்துகொண்டு கணக்குக்குள் போன பிறகுதான் தெரியும், தொல்லை சூத்திரத்தில் இல்லை என்று. எந்தக் கணக்கில் 273 கூட்ட வேண்டும், எதில் கூட்டினால் விடை கெட்டுப்போகும், 32 எப்போது சேரும், எப்போது சேராது என்பதெல்லாம் பாடநூலில் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. வாயு விதியில் ஒரு துண்டு, வெப்ப விரிவில் ஒரு துண்டு, கதிர்வீச்சில் ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். நான் அப்படித்தான் பொறுக்கிச் சேர்த்தேன். அடுத்து வருகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று, வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

யார் எந்த ஆண்டில் எந்த அளவுகோலைக் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு நான் போகவில்லை. அது இல்லாமலே கணக்குப் போடலாம்.

1. முதலில் ஒரு தாள் தயார் செய்யுங்கள்

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு தாள், ஒரு சாதாரண கால்குலேட்டர், உங்கள் பாடநூலின் பின்பக்க மாறிலிகள் அட்டவணை, தேர்வில் தரவுத்தாள் கொடுப்பார்கள் என்றால் அதன் மாதிரி. தாளில் கீழ்க்கண்ட புள்ளிகளை உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண் கெல்வின், அடுத்தது டிகிரி செல்சியஸ், கடைசி டிகிரி பாரன்ஹீட்.

தனிச்சுழி (இதற்குக் கீழே வெப்பநிலை போக முடியாத எல்லை): 0, −273.15, −459.67
திரவ நைட்ரஜன் கொதிப்பது: சுமார் 77, −196, −320
செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒரே எண் காட்டும் இடம்: 233.15, −40, −40
நீர் உறைவது: 273.15, 0, 32
பாடநூல்கள் அறை வெப்பநிலை என்று எடுத்துக்கொள்வது: 298.15; 25; 77
மனித உடல்: 310.15, 37, 98.6
நீர் கொதிப்பது, ஒரு வளிமண்டல அழுத்தத்தில்: 373.15, 100, 212

இந்த ஏழு வரியும் மனதில் நின்றுவிட்டால், சூத்திரம் மறந்துபோனாலும் மீட்டெடுத்துவிடலாம். உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே செல்சியஸில் 100 பிரிவு, பாரன்ஹீட்டில் 212 − 32 = 180 பிரிவு. 180-ஐ 100-ஆல் வகுத்தால் 1.8. சூத்திரத்தில் வரும் 9/5 என்பது அதுதான்.

இன்னொரு விஷயத்தையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். உங்கள் பாடநூல் 273 என்று எடுக்கிறதா, 273.15 என்று எடுக்கிறதா? தரவுத்தாளில் என்ன போட்டிருக்கிறது? கொள்குறி வினாக்களில் சில சமயம் இரண்டு தெரிவுகள் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும். அங்கே போய் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

2. கொடுத்திருப்பது புள்ளியா, இடைவெளியா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்து வருகிறது.

"அறையின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ்" என்றால் அது அளவுகோலில் ஒரு புள்ளி. "நீரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது" என்றால் அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. எண்ணும் ஒன்று, அலகும் ஒன்று. மாற்றும் முறை மட்டும் வேறு.

புள்ளியை மாற்றும்போது பூச்சியம் எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே 20 டிகிரி செல்சியஸ் என்ற புள்ளி 68 டிகிரி பாரன்ஹீட், 293.15 கெல்வின்.

இடைவெளிக்குப் பூச்சியம் எங்கே இருந்தாலும் கவலை இல்லை, ஒரு பிரிவின் அளவு மட்டும் போதும். ஆகவே 20 டிகிரி செல்சியஸ் உயர்வு என்பது 36 டிகிரி பாரன்ஹீட் உயர்வு. கெல்வினில் அதே 20. இங்கே 32-ம் வராது, 273-ம் வராது.

பாரிஸ் ஒப்பந்தத்தில் பேசப்படும் 1.5 டிகிரி செல்சியஸ் உயர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பாரன்ஹீட்டில் அது 2.7 டிகிரி. மாற்றும் சூத்திரத்தில் அப்படியே போட்டால் 34.7 என்று வரும். உலகம் 34.7 டிகிரி பாரன்ஹீட் சூடானால் ஒப்பந்தம் போட ஆளே மிஞ்சாது.

வினாவைப் படிக்கும்போது புள்ளியா இடைவெளியா என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. உயர்வு, குறைவு, வேறுபாடு, மாற்றம், டெல்டா குறி, "ஒரு டிகிரிக்கு" என்பவை இடைவெளி. "வெப்பநிலையில் உள்ள", "தொடக்க வெப்பநிலை", "இறுதி வெப்பநிலை" என்பவை புள்ளி. பொறி ஒளிந்திருப்பது வேற்றுமை உருபில்தான். "30 டிகிரி உயர்ந்தது" என்பதும் "30 டிகிரிக்கு உயர்ந்தது" என்பதும் ஒன்றல்ல. முன்னது இடைவெளி, பின்னது புள்ளி. அவசரத்தில் அந்த "க்கு" கண்ணில் படாது. வினாத்தாளில் அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

"ஒரு டிகிரிக்கு" என்று வரும் அலகுகளில் இன்னொரு சறுக்கல் உண்டு. எஃகின் நீள் விரிவு குணகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.000012. இதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 1.8-ஆல் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். பாரன்ஹீட் பிரிவு சிறியது. சிறிய பிரிவுக்கு விரிவும் குறைவாகத்தானே இருக்கும்? ஆகவே 0.0000067. ஒரு டிகிரி செல்சியஸுக்கு என்றாலும் ஒரு கெல்வினுக்கு என்றாலும் எண் ஒன்றே. அட்டவணையில் ஓரிடத்தில் செல்சியஸும் இன்னோரிடத்தில் கெல்வினும் போட்டிருந்தால் பதற வேண்டாம்.

3. மாற்றும் வரிகள்

செ, பா, கெ என்று வைத்துக்கொள்வோம்.

பா = (செ × 1.8) + 32
செ = (பா − 32) ÷ 1.8
கெ = செ + 273.15

பாரன்ஹீட்டிலிருந்து நேராகக் கெல்வினுக்குப் போக ஒரு சூத்திரம் சில புத்தகங்களில் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்யாதீர்கள். செல்சியஸ் வழியாகப் போங்கள், ஒரு வரிதான் கூடும்.

கால்குலேட்டரில் அடைப்புக்குறியை விட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். 100 டிகிரி பாரன்ஹீட்டை மாற்ற 100 − 32 ÷ 1.8 என்று அப்படியே அழுத்தினால், அறிவியல் கால்குலேட்டர் முதலில் வகுத்துவிட்டு 82.2 என்று காட்டும். சரியான விடை 37.8. 82-ம் 37-ம் ஒரே மாதிரி தெரியவில்லைதான், ஆனாலும் தேர்வு அவசரத்தில் இது சாதாரணமாகத் தப்பிப் போகும். முதலில் கழித்து, சமக்குறியை அழுத்தி, அப்புறம் வகுங்கள்.

32-ஐ முன்னால் கழிப்பதா பின்னால் கூட்டுவதா என்று எப்போதும் குழம்புகிறவர்களுக்கு ஒரு மாற்று வழி. இரண்டு அளவுகோல்களும் −40-இல் சந்திக்கின்றன அல்லவா, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போவதாக இருந்தாலும் முதலில் 40 கூட்டுங்கள், கடைசியில் 40 கழியுங்கள். நடுவில் பாரன்ஹீட்டுக்குப் போனால் 1.8-ஆல் பெருக்கல், செல்சியஸுக்கு வந்தால் 1.8-ஆல் வகுத்தல். 37 + 40 = 77; அதை 1.8-ஆல் பெருக்கினால் 138.6, 40 போனால் 98.6. எனக்கு இதுதான் கைக்கு வசதி. ஆனால் விடைத்தாளில் வழக்கமான சூத்திரத்தையே எழுதுங்கள், திருத்துகிறவரைக் குழப்ப வேண்டாம்.

மனக்கணக்காகச் சரிபார்க்க: செல்சியஸை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 25 என்றால் 50, அதில் 5 போனால் 45, 32 சேர்ந்தால் 77. இது தோராயம் இல்லை, சரியான விடையே வரும்.

4. கெல்வின் எங்கே கட்டாயம்

சூத்திரத்தைப் பாருங்கள். வெப்பநிலை என்ற குறி தனியாக நின்று எதையாவது பெருக்குகிறதா, வகுக்கிறதா, அதற்கு அடுக்கு இருக்கிறதா, வர்க்கமூலத்துக்குள் இருக்கிறதா? அப்படியென்றால் கெல்வின்தான், வேறு வழியில்லை. இரண்டு வெப்பநிலைகளின் வேறுபாடு மட்டும் வருகிறதென்றால் செல்சியஸும் ஆகும்.

காரணம் எளிது. செல்சியஸின் பூச்சியம் உண்மையான பூச்சியம் இல்லை. இரண்டு பேரை ஒரே நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தித் தரையிலிருந்து உயரம் அளந்தால், இருவருக்கும் உள்ள வித்தியாசம் சரியாகவே வரும். ஒருவர் மற்றவரைப்போல எத்தனை மடங்கு என்பது மட்டும் தப்பாகிவிடும். 20 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரி செல்சியஸுக்குப் போனால் வெப்பநிலை இருமடங்கு ஆகவில்லை. 293-இலிருந்து 313 கெல்வினுக்குப் போயிருக்கிறது, வெறும் 7 சதவீத உயர்வு.

வாயு விதிகள். நிலையான அழுத்தத்தில் 6 லிட்டர் வாயு 27 டிகிரி செல்சியஸிலிருந்து 127 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிறது. கெல்வினில் 300, 400. கன அளவு 6 × 400 ÷ 300 = 8 லிட்டர். செல்சியஸையே போட்டால் 28.2 லிட்டர் வரும். தொடக்க வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ் என்று கொடுத்திருந்தால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும், கீழே இருந்தால் கன அளவு குறை எண்ணாகும். வினா தயாரிப்பவர்கள் 27, 127, 227, 327 என்ற எண்களை விரும்புவது 300, 400, 500, 600 என்று முழுதாக வருவதற்காகத்தான். இந்த எண்களைப் பார்த்தாலே "ஆகா, இங்கே கெல்வின்" என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாயு விதியில் வெப்பநிலையைச் சரியாக மாற்றிவிட்டு அழுத்தத்தில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. டயரில் அளவி 200 கிலோபாஸ்கல் காட்டுகிறது, 27 டிகிரி செல்சியஸ். ஓடி ஓடி 57 டிகிரி செல்சியஸ் ஆகிறது, கன அளவு மாறவில்லை. அளவி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இருப்பதை மட்டும்தான். ஆகவே முதலில் 101 கூட்டி 301 ஆக்க வேண்டும். 301 × 330 ÷ 300 = 331. பிறகு 101 கழித்தால் அளவி காட்டப்போவது 230. நேராக 200-ஐ எடுத்துப் பெருக்கியிருந்தால் 220 என்று வந்திருக்கும். அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் ஒரே சட்டம்: விகிதம் பார்க்கும் இடத்தில் உண்மையான பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டும்.

மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல். 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் வாயுவின் சராசரி இயக்க ஆற்றல் எந்த வெப்பநிலையில் இருமடங்காகும்? 54 என்பவர்கள் ஏராளம். 600 கெல்வின், அதாவது 327 டிகிரி செல்சியஸ். வேகம் இருமடங்காக வேண்டுமென்றால் வர்க்கம் வருவதால் 1200 கெல்வின், 927 டிகிரி செல்சியஸ். விடையை எந்த அலகில் கேட்டிருக்கிறார்கள் என்று கடைசியில் திரும்பிப் பாருங்கள். தெரிவுகளில் 600 டிகிரி செல்சியஸ் என்று ஒன்று நிச்சயம் உட்கார்ந்திருக்கும்.

கார்னோ இயந்திரம், அதாவது இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே அதிகபட்சத் திறனோடு இயங்கும் கற்பனை வெப்ப இயந்திரம். 227 டிகிரி செல்சியஸுக்கும் 27 டிகிரி செல்சியஸுக்கும் இடையே இயங்குகிறது. பயனுறுதிறன் (500 − 300) ÷ 500, அதாவது 40 சதவீதம். இந்தச் சூத்திரத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. மேலே இருப்பது இடைவெளி. செல்சியஸில் எடுத்தாலும் அதே 200. கீழே இருப்பது புள்ளி. அது கெல்வினாகவே இருக்க வேண்டும். ஒரே பின்னத்தில் இரண்டும் இருக்கின்றன. மேலும் கீழும் செல்சியஸ் போட்டால் 88 சதவீதம் வரும், அப்படி ஒரு இயந்திரம் இந்த வெப்பநிலைகளில் கிடையாது.

கதிர்வீச்சு. ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் விதியில் வெப்பநிலைக்கு நான்காம் அடுக்கு. இங்கே செய்யும் பிழைதான் மிகப் பெரிய எண்களில் வெடிக்கும். 127 டிகிரி செல்சியஸில் இருக்கும் கரும்பொருள் (தன்மேல் விழும் கதிர்வீச்சு முழுவதையும் உட்கவரும் பொருள்) 27 டிகிரி செல்சியஸ் சூழலில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு நிகர இழப்பு, 400⁴-இலிருந்து 300⁴-ஐக் கழித்து 5.67 × 10⁻⁸-ஆல் பெருக்கினால், சுமார் 992 வாட். இரண்டையும் முதலில் கழித்துவிட்டு 100⁴ என்று எடுத்தால் 5.67 வாட்தான் வரும். இது இடைவெளியின் அடுக்கு இல்லை, அடுக்குகளின் இடைவெளி.

5. கெல்வின் வேண்டாத இடங்கள், அதைப் போடவே கூடாத ஓர் இடம்

எல்லாவற்றையும் கெல்வினுக்கு மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் சொல்லித் தருவார்கள். பாதி உண்மை. நேரம் வீணாகும், கூட்டலில் பிழை வர இன்னொரு வாய்ப்பும் திறக்கும்.

2 கிலோ நீரை 20-இலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம்? 2 × 4186 × 60, சுமார் 5 லட்சம் ஜூல் (4186 என்பது ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான ஜூல்). இதில் வருவது இடைவெளி மட்டும். ஆபத்து எங்கே என்றால், 60 என்று கழித்த பிறகு "கெல்வினாக்க வேண்டுமே" என்று நினைத்து 273 கூட்டி 333 ஆக்குவது. விடை ஐந்து மடங்குக்கு மேல் வீங்கிவிடும். மாற்றுவதாக இருந்தால் கழிப்பதற்கு முன்னால் மாற்றுங்கள். கழித்த பிறகு தொடாதீர்கள்.

வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் கணக்குகளில் இறுதி வெப்பநிலை தெரியாத ஒன்றாக இருக்கும். அங்கேயும் ஆரம்பம் முதல் கடைசி வரை செல்சியஸிலேயே போகலாம், விடையும் செல்சியஸிலேயே வரும். பாதியில் அலகு மாற்றாமல் இருந்தால் போதும். பனிக்கட்டி உருகும் கணக்கில், உருகும் கட்டத்துக்கு வெப்பநிலை வேறுபாடு என்பதே கிடையாது. ஒரு கிலோவுக்குச் சுமார் 3,34,000 ஜூல், அவ்வளவுதான். அந்த வரியில் டெல்டா எதையும் சேர்க்காதீர்கள்.

வெப்ப விரிவும் மின்தடை மாற்றமும் இடைவெளிக் கணக்குகளே. 10 மீட்டர் எஃகுத் தண்டு 30 டிகிரி செல்சியஸ் சூடானால் 3.6 மில்லிமீட்டர் நீளும், 30 கெல்வின் என்று சொன்னாலும் அதே. மின்தடையில் மட்டும், கொடுத்திருக்கும் தடை 0 டிகிரி செல்சியஸிலா 20 டிகிரி செல்சியஸிலா என்று பாருங்கள். இடைவெளியை அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.

கெல்வின் போடவே கூடாத இடம், காற்றில் ஒலியின் வேகத்துக்கான எளிய சூத்திரம்: 331 + 0.6 × வெப்பநிலை. இது அறை வெப்பநிலையை ஒட்டிய பகுதிக்காகச் செல்சியஸிலேயே அமைத்த தோராயச் சூத்திரம். 27 போட்டால் நொடிக்கு 347 மீட்டர். வெப்பநிலை தனியாகப் பெருக்கப்படுகிறதே என்று 300 போட்டால் 511 வரும். அதே ஒலி வேகத்தை வர்க்கமூல விகிதத்தில் கணக்கிடும்போது கெல்வின் வேண்டும்: 331-ஐ 300 ÷ 273-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் மறுபடியும் 347. ஆகவே நான்காம் படியில் சொன்ன சட்டத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 331 மாதிரி ஒரு தனி எண்ணை முன்னால் வைத்துக் கூட்டிவரும் அனுபவச் சூத்திரங்களில், அது எந்த அலகுக்காக எழுதப்பட்டதோ அதையே போட வேண்டும்.

6. 273, 273.15, 273.16

மூன்றும் புழக்கத்தில் இருப்பதால் குழப்பம். 273.15 என்பது செல்சியஸின் பூச்சியம் கெல்வினில் இருக்கும் இடம். மாற்றத்துக்கு இதுதான் துல்லியமான எண். 273 அதன் சுருக்கம். 273.16 கெல்வின் என்பது நீரின் மும்மைப் புள்ளி, அதாவது 0.01 டிகிரி செல்சியஸ். பனி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்து நிலைத்திருக்கும் இடம். மாற்றுவதற்கு 273.16-ஐ ஒருபோதும் கூட்டாதீர்கள்.

பழைய பாடநூல்களில் கெல்வின் என்பதற்கு "மும்மைப் புள்ளியின் வெப்பநிலையில் 273.16-இல் ஒரு பங்கு" என்று வரையறை இருக்கும். 2019 மே 20 முதல் அது மாறிவிட்டது. இப்போது போல்ட்ஸ்மன் மாறிலியை ஒரு கெல்வினுக்கு 1.380649 × 10⁻²³ ஜூல் என்று நிலைநிறுத்தி, அதிலிருந்து கெல்வினை வரையறுக்கிறார்கள். கணக்குகளில் இதனால் எந்த மாற்றமும் இல்லை, வரையறை கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவில்தான் வித்தியாசம். உங்கள் பதிப்பு எந்த ஆண்டு என்று பார்த்து, ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது 273 போதும்? கொடுத்த வெப்பநிலை 27, 40 என்று முழு எண்ணாக இருந்தால் போதும். 27.0, 36.85 என்று தசமத்தோடு கொடுத்திருந்தால் 273.15.

7. எழுதும் முறையில் போகும் மதிப்பெண்கள்

கெல்வினுக்கு டிகிரி கிடையாது. "300 டிகிரி கெல்வின்" என்பது 1967–68-இல் எடை அளவைகளுக்கான பொது மாநாடு கைவிட்ட வழக்கம். வெறும் 300 கெல்வின். டிகிரி வட்டமும் போடாதீர்கள். செல்சியஸுக்கும் பாரன்ஹீட்டுக்கும் டிகிரி வேண்டும்.

குறியீட்டில் பெரிய எழுத்து கே என்றால் கெல்வின். சிறிய எழுத்து கே என்றால் கிலோ என்ற முன்னொட்டு, சாய்வாக இருந்தால் போல்ட்ஸ்மன் மாறிலி. கையெழுத்தில் மூன்றும் ஒரே மாதிரி விழும். பெரியதை வேண்டுமென்றே பெரிதாக எழுதுங்கள். அதேபோல் சிறிய எழுத்து எம் முன்னால் வந்தால் மில்லிகெல்வின், பெரிய எழுத்து வந்தால் மெகாகெல்வின். இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு. சூரியனின் மையம் சுமார் 15 மெகாகெல்வின். அதை மில்லியில் எழுதிவிட்டால் திரவ ஹீலியத்தைவிடக் குளிராகிவிடும்.

8. பிழையான வெப்பமானிக் கணக்கு

நுழைவுத் தேர்வுகளில் தவறாமல் தலைகாட்டும் இதற்கு ஒரே வரி போதும்:

(காட்டும் எண் − பனியில் காட்டியது) ÷ (நீராவியில் காட்டியது − பனியில் காட்டியது) = உண்மையான செல்சியஸ் ÷ 100

பனியில் 5, நீராவியில் 99 காட்டும் வெப்பமானி இப்போது 52 காட்டுகிறது. 47 ÷ 94 என்பது பாதி. ஆகவே உண்மை 50 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட்டில் கேட்டால் பாதி என்பதை 180-க்கு எடுத்து 90, அதோடு 32 சேர்த்து 122. புதிதாக ஏதோ ஒரு கற்பனை அளவுகோலைக் கொடுத்து மாற்றச் சொன்னாலும் இதே வரிதான்.

செல்சியஸும் கெல்வினும் எங்கே சந்திக்கும் என்று கேட்டால், எங்கும் சந்திக்காது, எப்போதும் 273.15 தள்ளியே போகும். கெல்வினும் பாரன்ஹீட்டும் 574.59-இல் சந்திக்கும்.

9. ஆய்வகத்தில்

மருத்துவ வெப்பமானியையும் ஆய்வக வெப்பமானியையும் மாற்றி எடுக்காதீர்கள். பாதரச மருத்துவ வெப்பமானி 35 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே. வெந்நீரில் விட்டால் உடைந்துபோகும். அதன் குழாயில் ஒரு குறுக்கம் இருப்பதால் வெளியே எடுத்த பிறகும் எண் இறங்காது. ஆய்வக வெப்பமானியில் அது இல்லை, திரவத்துக்குள் இருக்கும்போதே படிக்க வேண்டும்.

கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்கட்டும், இல்லையென்றால் இடமாறு தோற்றப் பிழை. பாதரசம் நடுவில் மேடாக நிற்கும், அதன் உச்சியைப் படியுங்கள். ஆல்கஹால் குழிவாக நிற்கும், அதன் அடியைப் படியுங்கள். எண் நகர்வது நிற்கும் வரை காத்திருங்கள். கொதிநிலையைச் சரிபார்க்கும்போது வெப்பமானியின் குமிழ் நீருக்குள் இல்லாமல் நீருக்கு மேலே ஆவியில் இருக்க வேண்டும். 100 வரவில்லை என்று உடனே வெப்பமானியைக் குறை சொல்லாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கும்.

ஒரு டிகிரி பிரிவுள்ள வெப்பமானியில் 24 என்று படித்துவிட்டு, குறிப்பேட்டில் 297.15 கெல்வின் என்று எழுதுவது அழகாக இருக்கும், ஆனால் அந்த .15-க்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. 297 போதும். இதைவிடக் கவனிக்க வேண்டியது இடைவெளியின் பிழை. ஒவ்வொரு அளவீட்டிலும் அரை டிகிரி பிழை வரலாம் என்றால், இரண்டைக் கழிக்கும்போது ஒரு டிகிரி வரை சேரும். வெப்பநிலை உயர்வு 5 டிகிரிதான் என்றால் அது 20 சதவீதப் பிழை. உயர்வு 20 டிகிரி ஆகும்படி சூடாக்கினால் அதுவே 5 சதவீதம். சோதனையைத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள், பாதியில் முடியாது.

10. எவ்வளவு நேரம் ஆகும், தேர்வில் எதைப் பார்ப்பது

முதல் மூன்று படிகளுக்கு ஒரு மாலை போதும். நான்காவதும் ஐந்தாவதும் வாயு விதி, கலோரிமானி, கதிர்வீச்சு அத்தியாயங்கள் வர வரப் படியும். அந்தந்த அத்தியாயத்தின் கணக்குகளைத் தீர்க்காமல், வெறும் மாற்றல் பயிற்சியாகவே ஐம்பது கணக்குப் போடுவது எனக்குப் பயனாகத் தெரியவில்லை.

தேர்வில், வினாவில் உள்ள ஒவ்வொரு வெப்பநிலைக்கும் பக்கத்தில் பு அல்லது இ என்று குறியுங்கள். சில நொடி வேலை. விடை வந்த பிறகு எல்லையைப் பாருங்கள். கெல்வினில் குறை எண், செல்சியஸில் −273.15-க்குக் கீழே, பாரன்ஹீட்டில் −459.67-க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு போகாதீர்கள், முதல் வரிக்குத் திரும்புங்கள். கலவைக் கணக்கின் விடை இரண்டு தொடக்க வெப்பநிலைகளுக்கும் நடுவில் விழ வேண்டும். 273 கூட்டிய வரியைத் தனி வரியாகக் காட்டுங்கள். பின்னால் பெருக்கலில் தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் தருகிற தேர்வுகளில் அந்த வரி உதவும்.

11. எப்போதாவது வரும் மற்ற இரண்டு

ராங்கின் என்பது பாரன்ஹீட் பிரிவுகளோடு தனிச்சுழியிலிருந்து எண்ணும் அளவுகோல். பாரன்ஹீட்டோடு 459.67 கூட்ட வேண்டும், நீர் உறைவது 491.67-இல். பொறியியல் புத்தகங்களில் காணலாம். உண்மையான பூச்சியத்தில் தொடங்குவதால் விகிதக் கணக்குகளில் நேராகப் போடலாம்.

பிளாஸ்மா, குறைகடத்தி பாடங்களில் வெப்பநிலையை எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்வார்கள். வெப்பநிலையைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்கி வரும் ஆற்றல்தான் அது. ஒரு எலக்ட்ரான் வோல்ட் சுமார் 11,600 கெல்வினுக்குச் சமம். 300 கெல்வினில் ஏறத்தாழ 0.026. செல்சியஸிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் கெல்வினை ஒரு நிறுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், நேர்வழி தேடாதீர்கள்.